படித்துப் புரிந்துகொண்டேன்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகள் படித்த அதே பல்கலைக்கழகத்தில், அவள் வேலை செய்த அதே ஆய்வுக்கூடத்தில், அவள் உட்கார்ந்த அதே முக்காலியில் எட்டு மாதமாக உட்கார்ந்திருப்பவள் நான். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உங்களிடம் அதைக் கேட்கக் கை வரவில்லை.

உங்கள் முகவரி எப்படிக் கிடைத்தது என்று நினைப்பீர்கள். நாங்கள் ஒவ்வொருவரும் செய்த சோதனைகளை அன்றன்றே எழுதி வைக்கக் குறிப்பேடு தருவார்கள். அதன் முதல் பக்கத்தில் 'தொலைந்து போனால் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி' என்று அச்சிட்டிருக்கும். எல்லாரும் அங்கே துறையின் முகவரியை எழுதுவார்கள். உங்கள் மகள் உங்கள் வீட்டு முகவரியை எழுதியிருக்கிறாள். கதவு எண், மாடி, எதிரில் தையல் கடை என்பது வரைக்கும், அதுவும் தமிழில். இந்த ஊரில் யார் கண்டெடுத்தாலும் அது உங்களிடம் வந்து சேராது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? விளையாட்டுக்காகத்தான் எழுதியிருப்பாள். அவள் எழுதியதில் பாதி விளையாட்டுதான்.

அவளை நான் பார்த்ததில்லை. அவள் போய் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தேன். இருந்தாலும் மனதுக்குள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுத அனுமதியுங்கள்.

வந்த முதல் நாளே அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். துவைத்து மடித்தது. பாக்கெட்டின் ஓரத்தில் மைக்கறை. உள்ளே கை விட்டால் இருமல் மிட்டாய்க் காகிதங்கள், ஒவ்வொன்றும் நகத்தளவுக்கு மடித்து மடித்துத் துவைப்பிலும் பிரியாமல் இருந்தன. யாருடையது என்று கேட்டேன். முன்பு இருந்த பெண்ணுடையது என்றார்கள். ஊருக்குப் போய்விட்டாளா என்று கேட்டேன். கோட்டைக் கொடுத்தவர் அலமாரியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் வாசல் காவலர் என்னைப் பார்த்து அக்காவின் பெயரைச் சொல்லிக் கையை உயர்த்தினார். அப்புறம் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கோட்டு, அந்த நிறம், எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. அவர் மேல் தப்பில்லை. அன்றிலிருந்து நான் பின்னல் போடுவதில்லை.

அக்கா செய்த வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காயத்தில் வைத்தால் ஒட்டாத, பிரித்தால் வலிக்காத ஒரு நுரைப்பஞ்சு. பாதியில் நின்றுபோன அந்த வேலையைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். கூடவே அவளுடைய நான்கு குறிப்பேடுகளையும் கொடுத்து, ஒவ்வொரு சோதனையையும் முதலிலிருந்து செய்து பார்க்கச் சொன்னார் பேராசிரியர். குறிப்பேட்டுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பேனாவால்தான் எழுத வேண்டும். தேதி போட வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று இந்த நாட்டு மொழியில் அச்சிட்ட ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா, அந்தப் பக்கங்களின் ஓரமெல்லாம் தமிழ். சோதனை அளவுகள் நடுவில், ஓரத்தில் பொடி எழுத்தில் அக்காவின் பேச்சு. முதல் வாரம் நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். "இன்னிக்கும் நுரை எழும்பல. எனக்கும் எழும்ப மனசில்ல" என்று ஒரு நாள். நெட்டையான தொழில்நுட்பப் பணியாளருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்திருக்கிறாள். பேராசிரியருக்கு மாமா என்று பெயர். "மாமா கையெழுத்துப் போடறப்ப என் தமிழை உத்துப் பாத்துட்டு, ரொம்ப அழகான எழுத்துன்னாரு. அவரைத்தான் திட்டி எழுதியிருந்தேன்" என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கீழேயும் அவர் கையெழுத்து.

மூன்றாவது குறிப்பேட்டில் என் சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் திரவத்தின் ஆவி பொல்லாதது. அதைக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டுக்குள் வைத்துத்தான் தொடுவோம். ஹூட் என்போம். மேலே விசிறி ஓடி ஆவியை வெளியே இழுத்துவிடும். அக்கா எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஹூட் விசிறி சத்தம் மாறிடுச்சு. நேத்து வரைக்கும் ஊளை, இன்னிக்கு முனகல். ஒட்டடைக்குச்சிகிட்ட சொன்னேன். நாளைக்குன்னான்."

"நாளைக்கு வந்துடுச்சு. ஒட்டடைக்குச்சி வரல."

"டிஷ்யூ தாளைக் கதவு ஓரத்துல தொங்க விட்டுப் பாத்தேன். இழுத்தா உள்பக்கம் ஆடணும். செத்த மாதிரி தொங்குது."

"இருமல். ரூம்ல இருந்தா வர்றதில்ல. லீவுன்னா வர்றதில்ல. இங்க வந்தா மட்டும். வேலைக்குக் கள்ளம் பண்ற உடம்பு."

பதினோரு வாரத்தில் ஒன்பது இடத்தில் விசிறியைப் பற்றி எழுதியிருக்கிறாள். ஒன்பதிலும் தேதி இருக்கிறது. ஒன்பதின் அடியிலும் படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்து இருக்கிறது.

இங்கே சேரும்போது, முன்பே மூச்சுக் கோளாறு எதுவும் இல்லை என்று நான் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டேன். முன்பு இருந்த பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு இருந்ததாம், அதை மறைத்துவிட்டாளாம், அந்த வியாழக்கிழமை நடைபாதையில் விழுந்து உயிர் போன பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்ததாம். உங்களுக்கும் அப்படித்தான் எழுதினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் கேட்க வந்தது இதுதான். அக்காவுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. மூன்றாவது குறிப்பேட்டை நான் வந்த இரண்டாம் மாதமே படித்துவிட்டேன். படித்துவிட்டு மூடி வைத்தேன். நான் இந்த நாட்டில் இருப்பதற்கு ஆண்டுக்கு ஒரு முறை பேராசிரியர் கடிதம் கொடுக்க வேண்டும். அவர் கெட்டவரும் இல்லை. நான் வந்து இறங்கிய அன்று மழையில் குடை பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தவர். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஹூட்டின் முன்னால் நின்றிருந்தபோது விசிறியின் சத்தம் மாறியது. எனக்கு அந்தச் சத்தம் முன்பே தெரியும். ஊளை முனகலாக மாறும் என்று படித்திருக்கிறேனே. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன். சொன்ன பத்தாவது நிமிடம் ஒட்டடைக்குச்சி கருவிப் பெட்டியோடு படியேறி வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. கேட்காமலே என்னிடம் சொன்னான், இந்தத் தடவை உடனே வந்துவிட்டேன் இல்லையா என்று.

இந்தத் தடவை. அந்தச் சொல்தான் என்னை இந்தக் கடிதத்தின் முன்னால் உட்கார வைத்தது.

ஒரு பக்கத்தின் நகலை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். என் முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

இப்படிக்கு,
அக்காவின் இடத்தில் இருப்பவள்


மதிப்பிற்குரிய சிஸ்டருக்கு,

வணக்கம். உங்கள் பதில் கிடைத்தது. இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் எப்படிச் சுருக்கமாக எழுதுவார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஆறே வரி. ஆறும் மனப்பாடமாகிவிட்டது.

'என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம். கூப்பிட ஒருத்தி இருந்தாள். எல்லாரும் சொல்வதுபோல சிஸ்டர் என்று சொல். அவளுக்குப் பிறந்ததிலிருந்து இழுப்பு வந்ததில்லை. ஆறு மாதம் ஏன் சும்மா இருந்தாய் என்று எனக்குப் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எல்லாப் பக்கத்தையும் அனுப்பு, எதையும் விடாதே.'

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புரிகிறது என்று எழுதிவிட்டீர்கள்.

நகல்கள் இத்துடன் இருக்கின்றன. சில இடத்தில் மை மங்கிப்போயிருக்கிறது. அங்கெல்லாம் நானே பார்த்து எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அக்கா எழுதியபடியே எழுதியிருக்கிறேன், பிழை உட்பட. அவள் கடைசி வரைக்கும் 'சுவாசம்' என்பதை 'சுவாஸம்' என்றுதான் எழுதினாள்.

எதையும் விடாதே என்று சொன்னீர்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே இழுப்பு என்ற கதை எங்கிருந்து முளைத்தது என்று தெரிந்துவிட்டது. அக்கா ஒரே ஒரு முறை மாணவர் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். அன்றைய ஓரத்தில் இப்படி இருக்கிறது: "சின்ன வயசுல நெஞ்சுச்சளி பிடிக்குமான்னு கேட்டாங்க. யாருக்குத்தான் பிடிக்காதுன்னு சிரிச்சேன். டாக்டரம்மாவும் சிரிச்சுட்டு ஏதோ எழுதிக்கிட்டாங்க." அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைத்தான் நோயாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பதினோரு வாரமும் போனில் பேசியும் எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கையெழுத்துக்குக் கீழே தனியாகக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் கேட்ட கேள்வி இல்லை அது, தெரியும். ஆனால் பதில் என்னிடம்தான் இருக்கிறது.

"அம்மாகிட்ட பேசறதுக்கு முன்னாடி வெந்நீர் குடிச்சு, கால் மணி நேரம் அசையாம நிமிந்து உக்காந்து, அப்புறம்தான் போன் போடறேன். மீறி இருமல் வந்தா லைன் போயிடுச்சுன்னு கட் பண்ணிடறேன். அம்மா காதுக்கு ஸ்டெதஸ்கோப் தேவையில்ல. குரலை வெச்சே வார்டுல யாருக்குக் காய்ச்சல்னு சொல்லிடுவா."

உங்களுக்குக் கேட்காமல் இருப்பதற்காக அவள் அவ்வளவு பாடுபட்டிருக்கிறாள். நீங்கள் கவனிக்காமல் விட்டதாக நினைக்காதீர்கள். நீங்கள் கவனிப்பீர்கள் என்று தெரிந்ததால்தான் மறைத்தாள். சொன்னால் வந்துவிடு என்பீர்கள், வந்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும் என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறாள். நான் உங்களுக்குச் சமாதானம் சொல்லும் வயதில் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

வாசல் காவலரிடம் பேசினேன். கடைசி இரண்டு வாரம் அவள் இரண்டு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் படியில் உட்கார்ந்துவிட்டுப் போவாளாம். லிப்டில் போகலாமே என்று அவர் கேட்டிருக்கிறார். உடம்பு சோம்பேறியாகிவிடும் என்று சிரித்தாளாம். அவர் இதைச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றித் துடைத்தார். தொப்பியில் ஒன்றும் இல்லை.

பேராசிரியரிடம் அவள் இரண்டு முறை நேரிலேயே சொல்லியிருக்கிறாள். "மாமாகிட்ட மறுபடியும் சொன்னேன். கட்டுரை அனுப்பற வரைக்கும் பொறுத்துக்கோ, ஹூட்டைப் பிரிச்சா மூணு வாரம் போயிடும்னாரு. கெட்டவர் இல்ல. அவசரக்காரர்." உங்கள் பிள்ளை எவ்வளவு நியாயமாக எழுதுகிறாள் பாருங்கள். நானாக இருந்தால் வேறு சொல் போட்டிருப்பேன்.

பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகப் போகிறேன். போனில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பஸ் டிரைவர், வாழ்க்கை முழுக்க எதிரே வருகிறவனுக்கு வழி விட்டே பழகியவர். "நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு, படிச்சு முடிச்சுட்டு வந்து சேரு" என்றார். அக்காவின் பக்கங்களில் இரண்டைப் படித்துக் காட்டினேன். அப்புறம், "எத்தனை மணிக்குப் போகணும்" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சிஸ்டர். அந்தக் கூடத்தில் இப்போது தனியாக இருக்க முடியவில்லை. ஆவி, பேய் என்று நினைக்காதீர்கள், எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஓரத்தில் அவள் எதையாவது கேட்டிருந்தால் நான் வாய்விட்டுப் பதில் சொல்கிறேன். என் குறிப்பேட்டின் ஓரத்திலும் தமிழ் வந்துவிட்டது. போன வாரம் பார்த்தால் என் 'ழ' அவளுடைய 'ழ' மாதிரி வால் நீண்டு இருக்கிறது. முந்தாநாள் மத்தியானம் பின்னால் யாரோ இருமினார்கள். சட்டென்று திரும்பினேன். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, இருமியது நான்.

இப்படிக்கு,
அதே பெண்


மதிப்பிற்குரிய சிஸ்டருக்கு,

வணக்கம். உங்கள் இரண்டாவது கடிதத்தைப் பிரித்தபோது பக்கங்களைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. 'உனக்கு எத்தனை நாளாக இருமல்?'

அதைப் படித்துவிட்டுத் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். என் வீட்டில்கூட யாரும் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவில்லை.

முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். ஐந்து வாரம். மறுநாளே மருத்துவமனைக்குப் போனேன். ஒரு குழாயைக் கொடுத்து மூச்சை முழுக்க ஊதச் சொன்னார்கள். மூன்று முறை ஊதினேன். இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைகிறது, அந்தத் திரவத்தின் பக்கமே இனி வாழ்நாளில் போகக் கூடாது, விலகி இருந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சிரிக்காமல் பதில் சொன்னேன். என்ன எழுதிக்கொண்டார்கள் என்று திருப்பி வாசித்துக் காட்டச் சொன்னேன். அன்றே கோட்டைக் கழற்றிவிட்டேன். இப்போது மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

இனி குழுவின் விஷயம். ஐந்து பேர், நீள மேசை, தண்ணீர்ப் புட்டிகள். நான் மொழிபெயர்த்துக் கொண்டுபோனதை ஏற்க மாட்டோம் என்றார்கள். வேறு யாரையாவது வைத்துத்தான் படிக்க வேண்டுமாம். நியாயம்தான். இரண்டு வாரம் கழித்து நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பவர் ஒருவரை வேறு ஊரிலிருந்து அழைத்து வந்தார்கள். நம் ஆள், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேசக் கூடாதாம். குறிப்பேட்டை வாங்கித் தேதியைச் சொல்லி, முதலில் தமிழில் சத்தமாகப் படித்து, பிறகு அவர்கள் மொழியில் சொன்னார்.

சிஸ்டர், அந்த அறையில் அக்காவின் தமிழை முதல்முறையாக வேறொருவர் குரலில் கேட்டேன். இத்தனை நாள் எனக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "நாளைக்கு வந்துடுச்சு, ஒட்டடைக்குச்சி வரல" என்று படித்தபோது அந்தப் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மொழிபெயர்த்துச் சொன்னதும் குழுவிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் டிஷ்யூ தாளைத் தொங்க விட்ட பக்கம் வந்தது. 'செத்த மாதிரி தொங்குது' என்பதைத் தமிழில் படித்துவிட்டு, அவர்கள் மொழியில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தலைவர் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தோம்.

முடிந்ததும் குழுவில் ஒருவர் சொன்னார், இது ஒரு மாணவி தனக்குத் தானே எழுதிக்கொண்டது, இதை எப்படிப் புகார் என்று எடுத்துக்கொள்வது என்று. இவ்வளவும் வீண் என்று நினைத்தேன்.

அப்போது பேராசிரியர் அந்தக் குறிப்பேட்டைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுத்தை அவர் பார்க்கவில்லை. தன் கையெழுத்தை மட்டும், ஒவ்வொன்றாக, விரலால் தொட்டுக்கொண்டே போனார். வீட்டுக்குக் கடிதம் எழுதிப் பழகுகிறாள் என்று நினைத்தேன், அந்தப் பெண் தனிமையில் வாடவில்லை என்று சந்தோஷப்பட்டேன் என்றார். பிறகு தலைவரைப் பார்த்து, அவள் என்னிடம் நேரிலேயே இரண்டு முறை சொன்னாள், நான்தான் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன், போன வருஷம் நீங்கள் கேட்டபோது அதை நான் சொல்லவில்லை என்றார். அவர் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. அதற்கப்புறம் ஒட்டடைக்குச்சியைக் கூப்பிட்டார்கள். ஹூட்டை நிறுத்த அனுமதி கேட்டதையும் கிடைக்காததையும் அவன் சொன்னான். அவன் அழுதான். அக்கா பார்த்திருந்தால் ஓரத்தில் என்ன எழுதியிருப்பாள் என்று தெரியவில்லை. பாவம் என்றுதான் எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் கூரைப் பலகையைப் பிரித்துப் பார்த்தார்கள். அக்கா இறந்த வாரத்திலேயே விசிறியைச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் அதற்கு மேலே போகும் குழாய் விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கே வேலை செய்த மாதமெல்லாம் புது விசிறி பாதி ஆவியைக் கூரைக்குள்ளேயே இறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

முடிவு உங்களுக்குத் தனியாகப் பதிவுத் தபாலில் வரும். முன்பே இருந்த நோய், மறைத்தாள் என்ற இரண்டு வரிகளையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒன்பது முறை எழுதப்பட்டது, இரண்டு முறை நேரில் சொல்லப்பட்டது, சரிசெய்யப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இதனால்தான் இறந்தாள் என்று எழுதவில்லை. 'காரணமாக இருந்திருக்கக்கூடும்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் 'கூடும்' உங்களை அறுக்கும் என்று தெரியும். எனக்கும் அறுக்கிறது. வக்கீல் மொழியில் அதுவே பெரிது என்று மொழிபெயர்த்த பெரியவர் முடிவைக் கேட்க வந்திருந்து, வெளியே வந்ததும் சொன்னார். அதற்குள் பேசலாம் என்று ஆகிவிட்டிருந்தது. உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். தனக்கும் இரண்டு பெண்கள் என்றார்.

குறிப்பேடுகளை உங்களுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பல்கலைக்கழகத்தின் சொத்து என்று மறுத்துவிட்டார்கள். முதல் பக்கத்தைத் திறந்து, தொலைந்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்று அவளே எழுதியிருக்கிறாளே என்றேன். தொலையவில்லையே என்றார் அலுவலகத்துப் பெண்மணி.

கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பேராசிரியர் இந்தக் கல்விப் பருவம் முடிந்ததும் விலகுகிறார். நேற்று நடைபாதையில் எதிரே வந்தார். நின்று, நான் இதைச் செய்தது சரி என்றார். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு வேறு வழிகாட்டி கிடைக்கப் பருவ முடிவு வரை நேரம் இருக்கிறது. எதிர்க் கட்டடத்தில் ஒரு பேராசிரியை வந்து பார் என்று சொல்லியிருக்கிறார். கிடைத்தால் இருப்பேன். இல்லையென்றால் ஊருக்கு வந்து சேருவேன். அப்பா வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அக்காவின் வேலையை முடிக்கவில்லையே என்பது மட்டும் உறுத்துகிறது. மாமா போகப் போகிறார், முக்காலி காலி, ஆனாலும் இன்னும் காலையில் அந்த வாசல் வழியாகப் போனால் இரண்டாம் மாடிப் படியில் யாரோ மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பது போல நான் ஓரமாக ஒதுங்கித்தான் ஏறுகிறேன்.

சிஸ்டர், ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். எதையும் விடாதே என்று சொல்லியிருந்தீர்கள். போன முறை நான் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். நான்காவது குறிப்பேட்டில் கடைசியாக எழுதிய பக்கம். கை வரவில்லை. குழுவிடமும் அதைப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், விசிறியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இப்போது அதைத் தனி உறையில் ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அதில் உங்கள் மேல் வருத்தமாக ஒரு சொல்கூட இல்லை. பயப்படாதீர்கள். உங்களுக்கு அந்த வாரம் ராத்திரி வேலை என்றும், வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்றும், நீங்கள் தூங்கி எழுந்த பிறகு சனிக்கிழமை கூப்பிட்டு இருமலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகவும், வந்துவிடு என்று சொன்னால் உடனே கிளம்பி வந்துவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாள். இன்னும் நான்கு வரி இருக்கிறது. அவை உங்களுக்கு மட்டும். தேதி புதன்கிழமை.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வேலை முடிந்து வந்த களைப்பில் அந்த உறையைப் பிரிக்காதீர்கள். தனியாக இருக்கும்போதும் வேண்டாம். உங்களோடு வேலை பார்ப்பவர்களில் யாராவது ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் பிரியுங்கள். படித்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால் வெறும் தாளை மடித்து அனுப்புங்கள், போதும். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்க்கும் வரை நான் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
இன்னொரு வீட்டு மகள்